முப்பத்தேழாம் அளவு

செப்டம்பர். கரகோலில் மழை விட்டிருந்த காலை.
மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே
பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு.
உள்ளே கயிற்றில் தலைகீழாய்த் தொங்கின
முப்பது உறக்கப்பைகள்,
ஆளில்லாத உறக்கங்கள்.

ஊல்கான் என் முகத்தைப் பார்க்கவில்லை.
காலைப் பார்த்தாள்.
கைபேசியிடம் கிர்கிஸில் ஏதோ சொன்னாள்.
அது வானொலிச் செய்தித் தமிழில் அறிவித்தது:
"தங்கள் பாதம் பள்ளிக்கூடத்துப் பாதம்."

நாற்பது இருந்தது. நாற்பத்திரண்டு இருந்தது.
ஜெர்மன்காரர் யாரோ விட்டுப்போன நாற்பத்தேழு
இரண்டு படகுகளாய் மூலையில் ஒதுங்கியிருந்தது.
முப்பத்தேழு இல்லை.
மூன்று காலுறை போட்டு நாற்பதில் நடந்து பார்த்தேன்.
நான் ஓரடி வைத்தால்
காலணி அரையடி வைத்தது.

அதை அப்படியே விட்டுவிட்டு
மற்றதையெல்லாம் நோட்டில் எழுதினாள்.
கூடாரம் ஒன்று. முளை பதினான்கு,
தான் எண்ணிவிட்டு என்னையும் எண்ண வைத்தாள்.
ஊன்றுகோல் இரண்டு. ஒன்று லேசாய் வளைந்தது;
எழுத்தின் பக்கத்திலேயே அந்த வளைவை வரைந்தாள்,
பின்னால் சண்டை வரக்கூடாதாம்.
வாயுக்குப்பியைச் சமையல் தராசில் வைத்தாள்:
முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
எரித்ததற்கு மட்டும் காசு.
நெருப்பை நிறுத்து விற்கும் கடைக்கு
நான் அதுவரை போனதில்லை.

பாஸ்போர்ட் கேட்டாள். மாட்டேன் என்றேன்.
ஆறாயிரம் சோம் கேட்டாள். கொடுத்தேன்.
பிறகு முக்காலியில் உட்கார்ந்து
தன் காலில் இருந்ததை அவிழ்த்தாள்.

பழுப்புத் தோல். இடக்கால் நாடா சிவப்பு,
வலக்காலில் கூடாரக் கயிறு.
உள்ளே இன்னும் சூடு இருந்தது.
முன்பின் தெரியாதவளின் சூட்டுக்குள் நுழைய
எனக்குத்தான் கூசியது,
காலுக்குக் கூசவில்லை.
நோட்டில் புதுவரி: காலணி, ஒரு ஜோடி,
நாளுக்கு இருநூறு. பேரமில்லை.
என் துணிக்காலணியை அலமாரியில் வைத்தாள்.

காலணிக்கு வழி தெரிந்திருந்தது
என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
இரண்டு தரம் வழுக்கியது,
ஒரு தரம் ஓடையில் முழுசாய் இறங்கியது.
குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. அது அவள் நடை.
மூன்றாம் நாள்
என் முழங்கால் அவள் நடையைக் கற்றுக்கொண்டு வலித்தது.
கணவாய்ச் சரளையில்
இரண்டடி ஏறினால் ஓரடி மலை திரும்ப வாங்கிக்கொண்டது.
மேலே, ஏரியின் நிறத்துக்குச் சொல் இருந்தது,
சொல்ல மூச்சு இல்லை.
அன்றிரவுக் காற்று ஒரு முளையைப் பிடுங்கிப்போனது.

திரும்பி வந்தால் மறுபடி மழை.
கடைவாசலில் ஊல்கான்
நாற்பத்தேழாம் அளவுக்குள் துணி அடைத்து
இரண்டு படகுகளுக்கு ஒரே பாய்மரமாய் நின்றிருந்தாள்.

எண்ணினாள். பதின்மூன்று.
மறுபடி எண்ணினாள். ஐம்பது சோம் கழித்தாள்.
குப்பியை நிறுத்தாள்:
நூற்றுப் பதினொரு கிராம் எரித்திருக்கிறேன்,
பெரும்பாலும் தேநீராய்.
ஈரக் காலணிக்குள் கைவிட்டுப் பார்த்து
செய்தித்தாளைக் கசக்கித் திணித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

என் காலணி? அலமாரி காலி.
நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
கைபேசி நிதானமாய் வாசித்தது:
"தையற்காரர் மகள். ஓட்டப்பந்தயம். எண்ணூறு மீட்டர்.
நான்கு நாள் வாடகை நானூறு. பாதி தங்களுக்கு."
எனக்கு வாய் வரவில்லை.
"மூன்றாம் இடம்," என்றது கைபேசி, கேட்காமலே.
"இன்று பாட்டி வீட்டுக்குப் போட்டுப் போயிருக்கிறாள்.
காலையில் வரும்."

இருநூறு சோமை என் உள்ளங்கையில் வைத்தாள்.
அப்புறம் படகிலிருந்து இறங்கி
அதை என் பக்கம் தள்ளினாள்.
நோட்டில் எழுதினாள்: காலணி, ஒரு ஜோடி, ஓரிரவு.
விலைக்கட்டத்தில் சின்னதாய் ஒரு கோடு.

தங்கும் விடுதி நான்கு தெரு தள்ளி.
ஒவ்வொரு குட்டையிலும்
எனக்கு முன்னால் போய் இறங்கி
காத்திருந்தது காலணி.